ஒரு தொகையீடு போதும்: ஃபூரியர் உருமாற்றத்தைப் பழகும் முறை

ஃபூரியர் உருமாற்றத்தில் தடுமாறும் மாணவரின் கணக்கு நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் தொகையீடுதான் இருக்கும். செவ்வகப் பல்ஸுக்கு ஒன்று, அதையே கொஞ்சம் தள்ளிவைத்தால் மறுபடி ஒன்று, முக்கோணத்துக்கு இரண்டு பக்கம். ஒவ்வொரு கணக்கையும் வரையறையிலிருந்து தொடங்கி, நடுவில் எங்கோ ஒரு குறியைக் கோட்டைவிட்டு, விடை பொருந்தாமல் விட்டுவிடுகிறார்கள். பண்புகளோ தேர்வுக்கு முந்தைய இரவு உருப்போடும் அட்டவணையாகக் கடைசிப் பக்கத்தில் கிடக்கும்.

இந்த அத்தியாயத்தில் அந்த வரிசையை மாற்றிக்கொள்வோம். கையால் போடப்போவது ஒரே ஒரு தொகையீடு. மீதி விடைகள் எல்லாம் பண்புகளிலிருந்து வரும். வந்த விடையை வேறொரு வழியில் சரிபார்த்த பிறகே அடுத்ததற்குப் போவோம். சரிபார்க்காத விடையை விடையாகவே எண்ணாதீர்கள். இந்தப் பாடத்தில் கை தேறுவதும் தேறாததும் அந்தப் பழக்கத்தைப் பொறுத்தது.

தொடங்குமுன் ஓர் உடன்பாடு. சில புத்தகங்கள் ஒமேகாவில், அதாவது செகண்டுக்கு எத்தனை ரேடியன் என்று எழுதும்; அவற்றில் திரும்பி வரும் உருமாற்றத்தின் முன்னால் 2 பையால் வகுக்கும் காரணி ஒன்று நிற்கும். வேறு சில நேரடியாக ஹெர்ட்ஸில் எழுதும். அங்கே அந்தக் காரணி கிடையாது. இரண்டும் சரிதான், ஆனால் ஒரே கணக்கில் இரண்டையும் கலந்தால் விடை 6.28 மடங்கு பிசகும். இங்கே எல்லாம் ஹெர்ட்ஸில். உங்கள் நோட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவையுங்கள்.

அந்த ஒரு தொகையீடு

உயரம் 1 வோல்ட், அகலம் 2 மில்லி செகண்ட் உள்ள ஒரு செவ்வகப் பல்ஸ். பூச்சியத்துக்கு இந்தப் பக்கம் 1 மில்லி செகண்ட், அந்தப் பக்கம் 1 மில்லி செகண்ட். மற்ற நேரமெல்லாம் சிக்னல் பூச்சியம்.

இப்படித் திடீரென்று எகிறி, திடீரென்று விழும் வடிவங்களைச் சைன் அலைகளின் கூட்டாக எழுத முடியும் என்று ஜோசஃப் ஃபூரியர் 1807இல் பாரிஸில் கட்டுரை அளித்தபோது கணித மேதை லக்ராஞ்சி அதை ஏற்கவில்லை. வளைவே இல்லாத செங்குத்து விளிம்பை வழவழப்பான அலைகள் எப்படித் தரும் என்ற சந்தேகம் நியாயமானதே. ஃபூரியரின் வெப்பக் கொள்கை நூல் 1822இல்தான் வெளிவந்தது. அவ்வளவு பெரிய சர்ச்சைக்கு உள்ளான வடிவத்தின் உருமாற்றம் மூன்றே வரியில் முடிவதை இப்போது பாருங்கள்.

பல்ஸ் பூச்சியத்தின் இருபுறமும் சமச்சீராக இருக்கிறது. ஆகவே சைன் பகுதி தானாகவே அடிபட்டுப்போகும். கோசைனை மட்டும் −1 முதல் +1 மில்லி செகண்ட் வரை தொகையிட்டால் போதும். விடை ஒரு பின்னம்: மேலே, பை × அதிர்வெண் × அகலம் என்ற கோணத்தின் சைன், கீழே, பை × அதிர்வெண். இந்த வடிவத்துக்குத்தான் சின்க் என்று பெயர்.

இந்த விடையை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல் நான்கு இடங்களில் எண்களைப் போட்டுப் பாருங்கள். பூச்சியம் ஹெர்ட்ஸில் மதிப்பு 0.002. அது பல்ஸின் பரப்புதான்: 1 வோல்ட் × 2 மில்லி செகண்ட். எந்தச் சிக்னலுக்கும் பூச்சியம் ஹெர்ட்ஸில் வருவது அதன் பரப்பே. இதைவிட மலிவான சோதனை வேறில்லை. 500 ஹெர்ட்ஸில் மதிப்பு பூச்சியம். ஏன்? 500 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு முழுச் சுற்று 2 மில்லி செகண்ட். பல்ஸுக்குள் ஒரு சுற்று சரியாக அடங்கிவிடுகிறது. மேல்பாதியும் கீழ்பாதியும் கழிந்துபோகின்றன. 1000, 1500 ஹெர்ட்ஸிலும் இதே கதை. 250 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று மட்டுமே அடங்கும், மதிப்பு 0.00127, உச்சத்தில் ஏறக்குறைய 64 சதவீதம். 750 ஹெர்ட்ஸில் −0.00042. அந்தக் கழித்தல் குறியைத் தொலைத்துவிடாதீர்கள். அளவை மட்டும் வரையும்போது அது மறைந்துவிடும். ஆனால் கட்டக் கோணம் 180 பாகை திரும்பியிருக்கிறது என்று அது சொல்கிறது.

தள்ளுவதும் சுருக்குவதும்

இப்போது பல்ஸை 1 மில்லி செகண்ட் தாமதப்படுத்துங்கள். 0 முதல் 2 மில்லி செகண்ட் வரை நிற்கட்டும். மறுபடி தொகையிட வேண்டாம். தாமதம் ஒவ்வோர் அதிர்வெண்ணின் கட்டக் கோணத்தையும் பின்னுக்குத் திருப்புகிறது. அளவைத் தொடுவதே இல்லை. எவ்வளவு திருப்புகிறது? 360 பாகை × அதிர்வெண் × தாமதம். 250 ஹெர்ட்ஸில் 360 × 250 × 0.001 = 90. ஆக 250 ஹெர்ட்ஸில் விடை அதே 0.00127, ஆனால் −90 பாகையில். கலப்பெண்ணாக எழுதினால் மெய்ப்பகுதி பூச்சியம். கற்பனைப் பகுதி மட்டும் இருக்கிறது, அதுவும் கழித்தல் குறியோடு.

இதைப் படம் போட்டே சரிபார்க்கலாம். 250 ஹெர்ட்ஸ் கோசைனை 0 முதல் 2 மில்லி செகண்ட் வரை வரையுங்கள். உச்சியில் தொடங்கி நடுவில் கோட்டைக் கடந்து அடியில் முடியும், பரப்பு பூச்சியம். மெய்ப்பகுதி பூச்சியம் என்றது சரி. சைனை வரைந்தால் ஒரு முழு மேடு, பரப்பு நேர்மறை. உருமாற்றத்தின் வரையறையில் சைனுக்கு முன்னால் கழித்தல் ஜே (ஜே என்பது கற்பனை அலகு) நிற்பதால் −90 பாகையும் சரி. தாமதத்துக்குக் கட்டக் கோணம் குறையுமா கூடுமா என்ற குழப்பம் வரும்போதெல்லாம் இந்தப் படத்தைப் போடுங்கள். இரண்டு நிமிடக் காரியம்.

அகலத்தைப் பாதியாக்கினால், அதாவது 1 மில்லி செகண்ட் பல்ஸானால், ஸ்பெக்ட்ரம் இரு மடங்கு விரிகிறது. முதல் பூச்சியம் 1000 ஹெர்ட்ஸுக்குப் போகிறது. கூடவே ஸ்பெக்ட்ரத்தின் உயரமும் பாதியாகிறது. பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான். பரப்புச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும்: புதிய பல்ஸின் பரப்பு 0.001, ஆகவே பூச்சியம் ஹெர்ட்ஸில் 0.001தான் வர வேண்டும்.

இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் சிக்கல். நேரத்தை இரண்டால் பெருக்கி, அதிலிருந்து 1 மில்லி செகண்டைக் கழித்து, அதைப் பல்ஸின் நேரமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பார்த்தவுடன் 1 மில்லி செகண்ட் தாமதம் என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். முதலில் பல்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே இருக்கும் மதிப்பு −1க்கும் +1க்கும் நடுவே இருந்தால்தான் பல்ஸ் எழும். நேரம் 0 ஆனால் உள்ளே −1. நேரம் 1 ஆனால் உள்ளே +1. ஆக பல்ஸ் 0 முதல் 1 மில்லி செகண்ட் வரை. நடுப்புள்ளி அரை மில்லி செகண்ட், தாமதமும் அவ்வளவே. இரண்டைப் பொதுவாக வெளியே எடுத்து எழுதினாலும் அதே 0.5 கிடைக்கும். விளிம்புகள் இரண்டையும் கண்டுபிடித்து அச்சில் குறித்துவிட்டு, பிறகு பண்பைக் கையிலெடுப்பது நல்ல பழக்கம்.

ஒரே முக்கோணம், இரண்டு வழி

பண்புகளின் வலிமையை முழுதாக உணர்வதற்கு முக்கோணத்தைப் போல் நல்ல பயிற்சி கிடையாது. உச்சி 1 வோல்ட், அடி 4 மில்லி செகண்ட், பூச்சியத்தில் நடுவம்.

முதல் வழி கன்வல்யூஷன். நமது 2 மில்லி செகண்ட் பல்ஸை அதனோடேயே கன்வால்வ் செய்தால் அடி 4 மில்லி செகண்டும் உச்சி 0.002ம் கொண்ட முக்கோணம் வரும். நேரத்தில் கன்வல்யூஷன் என்றால் அதிர்வெண்ணில் பெருக்கல். ஆகவே அதன் உருமாற்றம் நம் சின்க்கின் வர்க்கம். உச்சியை 1 ஆக்க 0.002ஆல் வகுக்கிறோம். பூச்சியம் ஹெர்ட்ஸில் 0.002 × 0.002 ÷ 0.002 = 0.002. முக்கோணத்தின் பரப்பும் பாதி × 0.004 × 1 = 0.002. பொருந்துகிறது.

இரண்டாவது வழி வகையீடு. முக்கோணத்தின் சரிவை எழுதுங்கள்: −2 முதல் 0 மில்லி செகண்ட் வரை செகண்டுக்கு +500 வோல்ட், 0 முதல் 2 வரை −500. இரண்டு செவ்வகங்கள்! ஒன்று 1 மில்லி செகண்ட் முன்னால், மற்றது 1 மில்லி செகண்ட் பின்னால், எதிர்க்குறியோடு. இரண்டுக்கும் நமக்கு விடை தெரியும். தாமதப் பண்பைப் போட்டுக் கழித்தால் 500 × சின்க் × 2 ஜே × சைன் என்று வரும். வகையீடு என்பது அதிர்வெண் பக்கம் 2 பை ஜே அதிர்வெண்ணால் பெருக்குவது. ஆகவே திரும்பி வர அதனாலேயே வகுக்கிறோம். ஜே அடிபடுகிறது, 2 அடிபடுகிறது, மிச்சமிருக்கும் சைனும் பை × அதிர்வெண்ணும் சேர்ந்து இன்னொரு சின்க் ஆகின்றன. 500 × சின்க்கின் வர்க்கம். 500 என்பது 0.002ஆல் வகுப்பதுதான், இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன.

இரண்டாவது வழியில் ஓர் எச்சரிக்கை. பூச்சியம் ஹெர்ட்ஸில் நாம் பூச்சியத்தால் வகுக்கிறோம். வகையிடும்போது நிலையான பகுதி காணாமல் போய்விடுகிறது. அதை வகுத்தலால் மீட்க முடியாது. அந்த ஒரு புள்ளியின் மதிப்பைப் பரப்பிலிருந்து தனியாக எடுத்து எழுதுங்கள்.

மற்ற பண்புகளை விரைவாகவே கடக்கலாம். மெய்யான சிக்னலுக்கு எதிர் அதிர்வெண்ணின் மதிப்பு நேர் அதிர்வெண்ணின் இணைக் கலப்பெண். அளவு இருபுறமும் ஒன்றே. இரட்டைச் சமச்சீர் என்றால் விடை முழுக்க மெய், ஒற்றை என்றால் முழுக்கக் கற்பனை. நேரத்தில் செவ்வகம் அதிர்வெண்ணில் சின்க் என்றால், நேரத்தில் சின்க் அதிர்வெண்ணில் செவ்வகம்; செங்குத்தாக வெட்டும் லோபாஸ் ஃபில்ட்டரை உண்மையில் கட்ட முடியாததற்குக் காரணம் இதில் இருக்கிறது, ஏனெனில் அந்தச் சின்க் இருபுறமும் முடிவில்லாமல் நீள்கிறது.

தொலைபேசிப் பொத்தானில் பழகுவது

தாளில் பழகியதைக் காதால் கேட்கும் சிக்னலுக்குக் கொண்டுபோவோம். 1963இல் பெல் நிறுவனம் கொண்டுவந்த பொத்தான் தொலைபேசியில் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு தொனிகளைச் சேர்த்து ஒலிக்கும். வரிசைகளுக்கு 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். நிரல்களுக்கு 1209, 1336, 1477, 1633. நடுவில் இருக்கும் 5ஐ அமுக்கினால் 770ம் 1336ம். ஒன்று மற்றொன்றின் மடங்காக வராதபடி பார்த்துத் தேர்ந்த எண்கள் இவை. இன்று செல்பேசியில் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து எண்ணை அமுக்கும்போதும் இதே தொனிகள்தான்.

முடிவில்லாத சைன் அலைக்கு ஸ்பெக்ட்ரம் இரண்டு ஊசிகள். ஆனால் விரலை எடுத்ததும் தொனி நின்றுவிடுகிறது. ஆகவே நம்மிடம் இருப்பது சைன் பெருக்கல் செவ்வகம். பெருக்கல் மறுபக்கம் கன்வல்யூஷன். ஒவ்வோர் ஊசியின் மேலும் ஒரு சின்க் வந்து உட்காருகிறது. 50 மில்லி செகண்ட் அமுக்கினால் 770இலிருந்து இருபுறமும் 20 ஹெர்ட்ஸில் முதல் பூச்சியம். பக்கத்து வரிசையான 697 இருப்பது 73 ஹெர்ட்ஸ் தள்ளி, குழப்பமில்லை. 10 மில்லி செகண்ட் மட்டும் அமுக்கினால் முதல் பூச்சியமே 100 ஹெர்ட்ஸில். 697ம் 770ம் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும். கணினியில் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டாலும் ஸ்பெக்ட்ரத்தில் இந்தப் படிதல் நீங்காது. செகண்டுக்கு 8000 சாம்பிள் எடுக்கும் தொலைபேசிக் கருவிகள் 205 சாம்பிள்களை, அதாவது 25.6 மில்லி செகண்டை, எடுத்துக்கொண்டு, வேண்டிய சில அதிர்வெண்களை மட்டும் கணக்கிடும் கோர்ட்செல் முறையில் பொத்தானைக் கண்டுபிடிப்பது வழக்கம். அந்த 205 ஏன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்: ஒவ்வோர் அதிர்வெண்ணையும் 205ஆல் பெருக்கி 8000ஆல் வகுத்தால் 697க்கு 17.86, 941க்கு 24.11, 1209க்கு 30.98. எட்டும் ஏதோ ஒரு முழு எண்ணுக்கு ஓரளவு நெருங்கியே விழுகின்றன.

இனி ஆக்டேவையோ பைத்தானின் நம்பையையோ திறந்துகொள்ளுங்கள்; இரண்டும் இலவசம். 8000 வேகத்தில் 800 சாம்பிள், அதாவது 100 மில்லி செகண்ட், வீச்சு 1 உள்ள 770 ஹெர்ட்ஸ் கோசைன். எஃப்எஃப்டி (சாம்பிள்களின் ஃபூரியர் உருமாற்றத்தை வேகமாகக் கணக்கிடும் முறை) எடுப்பதற்கு முன்பு விடையைத் தாளில் எழுதுங்கள். புள்ளிகளுக்கு இடையே 8000 ÷ 800 = 10 ஹெர்ட்ஸ்; 770 சரியாக 77ஆம் புள்ளியில். அதன் மதிப்பு 800இல் பாதி, 400. எதிர் அதிர்வெண் 800 − 77 = 723ஆம் புள்ளியில் இன்னொரு 400. மற்றதெல்லாம் பூச்சியம். இப்போது ஓட்டிப் பாருங்கள். ஆற்றலையும் சரிபாருங்கள்: நேரத்தில் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 400, அதிர்வெண்ணில் 400இன் வர்க்கம் இரண்டு முறை, 800ஆல் வகுத்தால் அதுவும் 400. பார்சிவல் தேற்றம் இது. வகுக்கும் 800ஐ மறப்பவர்கள் மிகப் பலர்.

அடுத்து அந்த 800 சாம்பிள்களை 100 இடம் சுழற்றித் தள்ளுங்கள். அளவு மாறக்கூடாது. கட்டக் கோணம்? 800 சாம்பிளில் 77 சுற்று என்றால் 100 சாம்பிளில் 9.625 சுற்று. முழுச் சுற்றுகளை விட்டால் மிச்சம் 0.625, அதாவது −225 பாகை. திரையில் +135 என்று காட்டும். இங்கே தள்ளுதல் வட்டமானது என்பதைக் கவனியுங்கள்: வலப்பக்கம் வெளியே போன சாம்பிள் இடப்பக்கமாக உள்ளே வரும். கன்வல்யூஷனும் அப்படியே. 16 சாம்பிள் பல்ஸ் இரண்டைச் சேர்க்க வேண்டுமானால் இரண்டையும் பூச்சியங்களால் 31 வரையாவது நீட்டிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் வால் தலையில் வந்து ஏறும்.

இப்போது 770க்குப் பதில் 1336. அது 133.6ஆம் புள்ளி, அப்படி ஒரு புள்ளி கிடையாது. சின்க்கை நினைவில் கொண்டுவாருங்கள்: 134 உச்சியிலிருந்து 0.4 தள்ளி, 133 உச்சியிலிருந்து 0.6 தள்ளி. சின்க்கின் மதிப்பு 0.757, 0.505. ஆகவே சுமார் 303ம் 202ம் வர வேண்டும், வரும். பத்துப் புள்ளி தள்ளி 144இல்கூடச் சுமார் 12 மிச்சமிருக்கும். அங்கே எந்தத் தொனியும் இல்லை, கசிவு மட்டுமே.

கசிவைக் குறைக்க ஹான் விண்டோவால் பெருக்குவார்கள். அதையும் பண்பிலிருந்தே கணக்கிடலாம். ஹான் விண்டோ என்பது பாதி என்ற நிலையான பகுதியும், அதிலிருந்து கழித்த அரைப்பங்கு கோசைன் ஒன்றும். அதன் ஸ்பெக்ட்ரம் மூன்றே ஊசிகள்: நடுவில் 1/2, இருபுறமும் −1/4. ஆகவே விண்டோ போட்ட பிறகு எந்தப் புள்ளியின் மதிப்பும் பழைய மதிப்பில் பாதி, அதிலிருந்து அண்டைப் புள்ளிகள் இரண்டிலும் கால்பங்கு போக மிச்சம். 770 தொனிக்கு 77இல் 200ம் 76, 78இல் அளவு 100ம் வரும். நம்பையின் ஹானிங் செயலி இரு முனையிலும் பூச்சியம் வைக்கும் வடிவத்தைத் தருவதால் எண்கள் ஒரு துளி மாறும். 801 கேட்டு கடைசிச் சாம்பிளை விட்டால் சரியாகப் பொருந்தும். 1336 தொனிக்கு 144ஆம் புள்ளியில் இருந்த அந்த 12 இப்போது 0.1ஐக்கூட எட்டாது.

கடைசிப் பயிற்சி. 1336 ஹெர்ட்ஸ் தொனியோடு 1440 ஹெர்ட்ஸில் வீச்சு 0.01 மட்டுமே உள்ள மெல்லிய தொனியைக் கூட்டுங்கள். அது 144ஆம் புள்ளியில் 4 தரும். விண்டோ இல்லாமல் கசிவின் 12க்குள் அமிழ்ந்துபோகும். ஹான் போட்டால் 2 ஆகக் குறையும், ஆனாலும் தெளிவாகத் தனித்து நிற்கும். பிறகு அதே மெல்லிய தொனியை 1350 ஹெர்ட்ஸுக்கு நகர்த்துங்கள். ஹான் போட்ட பிறகும் 135ஆம் புள்ளியில் பெரிய தொனியின் பங்கே சுமார் 45. ஹான் விண்டோ இங்கே உதவாது, அது உச்சியை இன்னும் அகலப்படுத்தத்தான் செய்யும். விண்டோவை எடுத்துவிட்டு, 800 சாம்பிளை 8000 ஆக்குங்கள். புள்ளிகள் 1 ஹெர்ட்ஸ் இடைவெளிக்கு வந்துவிடும், 1336ம் 1350ம் தத்தம் புள்ளியில் சரியாக விழும். 1350இல் வர வேண்டிய மதிப்பு என்ன என்று ஓட்டுமுன் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 4000 × 0.01, அதாவது 40.